பீடத்துக்கு வராத முதல் மீன்

திருவொற்றியூர்
24 அக்டோபர் 2024

கர்த்தருக்குள் பிரியமான கன்னியம்மாவுக்கு,

சுகிர்தம் அக்கா அன்போடு எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரர் பொன்னுரங்கமும் மகள் நர்மதாவும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம். என் முழங்கால் மட்டும் மழை வரப்போவதை வானிலைக்காரர்களுக்கு முன்பாகவே சொல்லிக்கொண்டிருக்கிறது.

இந்தக் காலத்தில் யாராவது கடிதம் எழுதுவார்களா என்று சிரிப்பாய். நான் என்ன செய்யட்டும்? நாலு தடவை கூப்பிட்டேன், நீ போனை எடுக்கவில்லை. எண்ணூர் வரைக்கும் பஸ் ஏறி வரலாம் என்றால் முழங்கால் விடமாட்டேன் என்கிறது. அறுப்பின் பண்டிகை முடிந்து இரண்டு ஞாயிறு போய்விட்டது. நீ ஆலயத்துக்கும் வரவில்லை, என் வீட்டில் நடக்கும் புதன்கிழமைப் பாடத்துக்கும் வரவில்லை. நம் தெருவுக்கு மீன் கொண்டுவருவதும் குறைந்துபோயிற்று. இருபத்திரண்டு வருடமாக என் வாசலில் கூடை இறக்கியவள், ஒரு வார்த்தை சொல்லாமல் நின்றுவிடுவாயா? எனக்கு வருத்தம்தான். சொல்லிவிட்டேன்.

பண்டிகையன்று உன் மீனை ஜெனரேட்டர் பக்கம் வைக்கச் சொன்னதில் உனக்கு மனத்தாங்கல் என்று நினைக்கிறேன். நீயே யோசித்துப் பார். பீடத்தில் வெள்ளைத் துணி விரித்து, கரும்பு கட்டி, காய்கறியெல்லாம் அடுக்கியாயிற்று. வெளியூரிலிருந்து சிறப்பு விருந்தினர் வருகிறார். அங்கே கொண்டுபோய் மீனை வைத்தால் வாடை வராதா? வேறு எண்ணம் எதுவும் இல்லை. உன் காணிக்கையும் மற்ற காணிக்கைகளோடு சேர்ந்ததாகவே கர்த்தர் ஏற்றுக்கொண்டிருப்பார்.

புதன்கிழமைகளில் இப்போது விதைக்கிறவனின் உவமை நடத்துகிறேன். வழியோரம், கற்பாறை, முள்ளுள்ள இடம், நல்ல நிலம் என்று நாலு நிலம். போன வாரம் கற்பாறை. விதை சந்தோஷமாகச் சீக்கிரம் முளைத்துவிடும், வேர் இல்லாததால் கொஞ்சம் வெயில் பட்டதும் காய்ந்துவிடும். நடத்தும்போது உன் முகம்தான் கண்ணில் நின்றது. இரண்டு வருடமாக எவ்வளவு ஆசையாக வந்தாய்! ஒரு சின்ன வெயிலுக்கு வாடிப்போகாதே, அம்மா.

வருகிற புதன் கட்டாயம் வா. உனக்குப் பிடித்த முந்திரிக்கொத்து செய்து வைக்கிறேன்.

உன் அன்பு அக்கா,
சுகிர்தம் ஆசீர்வாதம்

*

எண்ணூர்
1 நவம்பர் 2024

அன்புள்ள சுகிர்தம் அக்காவுக்கு,

கன்னியம்மா எய்திக்கொண்டது. உன் லெட்டர் வந்துச்சு. எனக்கு உன்ன மாதிரி எய்த வராது. எட்டாவதோட நின்னவ. பேசறா மாதிரியே எய்தறேன், கோச்சுக்காத.

போன்ல உன் பேரு வரத்தான் செஞ்சுது. எடுத்தா கோவத்துல எதனா சொல்லிடுவேன்னு எடுக்கல. எய்தும்போது கை மெதுவாத்தானே போவுது, கோவமும் கொஞ்சம் மெதுவா வரும்.

நேத்து தீவாளி. தீவாளிக்கு மறுநாள் எல்லார் வூட்லயும் மீனு கேப்பாங்கோ. இன்னிக்குக் காத்தால உங்க தெருவுக்கு வந்தேன். நீ ஊருக்குப் போயிட்டேன்னு பக்கத்து வூட்ல சொன்னாங்கோ. இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் கூவிகினு போனேன். ஒருத்தரும் வாங்கல அக்கா. கோடி வூட்டம்மா மட்டும் கதவத் தொறந்து கூடையப் பாத்துச்சு. நான் செவுளத் தூக்கிக் காட்டறேன், ரத்தமா செவப்பாக் கீது. அது என்னா சொல்லுச்சு தெரியுமா? "கோயிலுக்கே கெட்டுப்போன மீனக் கொண்டாந்தவ நீ, எங்களுக்கு மட்டும் நல்லதாத் தருவியா"ன்னுச்சு.

எனக்குக் காலு அங்கியே நின்னுபோச்சு.

அக்கா, அந்த மீனு என்னா மீனுன்னு உனக்குத் தெரியாது, அதனால சொல்றேன். எங்க வூட்ல புது வல போட்டா மொத மீனு அம்மனுக்குத்தான். எங்க மாமியார் காலத்துலேர்ந்து அப்படித்தான். இந்த வாட்டி நான் என் வூட்டுக்காரராண்ட நாலு நாளு சண்ட போட்டேன். மொத விளைச்சல் கர்த்தருக்குன்னு சுகிர்தம் அக்கா பாடம் சொல்லுச்சு, நமக்கு விளைச்சல்னா மீனுதானே, அதக் குடுக்கணும்னு சொன்னேன். அவரு கடைசில "இன்னாவோ பண்ணு"ன்னுட்டாரு. வல போட்ட அன்னிக்கு ஆறு கிலோவுல ஒரே வஞ்சிரம். விடிகாலைல கரைக்கு வந்துது, அப்படியே ஐஸ்ல போட்டு, புதுக் கூட வாங்கி, வாழ எல மூடிக் கொண்டாந்தேன். காணிக்கையெல்லாம் கடைசில ஏலம் வுடுவாங்களே, அதுல யாரு எடுத்தாங்கன்னு அவரு தெனமும் கேக்கறாரு. நீதானே "நீ கெளம்பு, நான் பாத்துக்கறேன்"னு சொல்லி அனுப்பிச்சே? யாரு எடுத்தாங்கோ?

இன்னொண்ணு. அது கெட்ட மீனுன்னு எவ சொன்னா? அங்க எல்லாரும் உன் பேச்சக் கேப்பாங்கோ. நீ கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லு. மீன்காரிக்கு வாயும் பேரும் மட்டுந்தான் சொத்து.

நான் பாறையா, முள்ளான்னு எனக்குத் தெரியல. நெலத்துல நான் நின்னதே கெடையாது.

இப்படிக்கு
கன்னியம்மா

*

திருவொற்றியூர்
8 நவம்பர் 2024

பிரியமான கன்னியம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வாசித்து மிகவும் மனம் நொந்தேன். தீபாவளி சமயம் நாங்கள் நாசரேத்துக்கு என் நாத்தனார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். நான் ஊரில் இருந்திருந்தால் தெருவில் உனக்கு அப்படி ஒரு அவமானம் நடக்க விட்டிருப்பேனா?

நீ கேட்டதை விசாரிக்கிறேன். ஆனால் கூட்டத்தில் யார் எதைச் சொன்னார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அன்று நானூறு பேர் இருந்தார்கள். ஏலம் முடிந்து சாப்பாட்டுப் பந்தி வேறு. ஒன்று சொன்னால் பத்தாகப் பரவுகிற இடம் இது.

இந்த வாரப் பாடம் கோதுமையும் களையும். நல்ல விதை விதைத்த நிலத்தில் சத்துரு வந்து களையை விதைத்துவிட்டுப் போகிறான். வேலைக்காரர்கள் பிடுங்கிப் போடட்டுமா என்று கேட்கிறார்கள். எஜமான் வேண்டாம் என்கிறார். களையைப் பிடுங்கப் போய் கோதுமையும் சேர்ந்து வந்துவிடும், அறுப்பு வரைக்கும் இரண்டும் வளரட்டும் என்கிறார். இதிலிருந்து நமக்கு ஒரு பாடம் உண்டு. யார் சொன்னார்கள் என்று நாம் தோண்டித் துருவினால் இன்னும் நாலு பேருக்கு மனக்கசப்புத்தான் வரும். கர்த்தர் கையில் விட்டுவிடு. அவருக்கு எல்லாம் தெரியும்.

என் வீட்டுக்கு வாரம் இரண்டு நாள் மீன் கொண்டு வா. நாங்கள் இரண்டு பேர் என்றாலும் வாங்கி அக்கம்பக்கத்துக்கும் கொடுக்கிறேன். என்னைப் பார்த்து மற்றவர்களும் வாங்குவார்கள்.

மீன் ஏலத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். அன்றைக்கு இருந்த அலைச்சலில் எனக்குச் சரியாக நினைவில்லை. கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
சுகிர்தம்

*

எண்ணூர்
16 நவம்பர் 2024

சுகிர்தம் அக்காவுக்கு,

கன்னியம்மா எய்தறது. இந்தத் தடவ சின்ன லெட்டர்தான். மீஞ்சூர் ரயில்லேர்ந்து எறங்கி வந்து ஒக்காந்து எய்தறேன், இடுப்பு ஒடியுது.

இப்ப மீஞ்சூருக்குத்தான் கூட எடுத்துகினு போறேன். அங்க என் பேரு யாருக்கும் தெரியாது. தெரியாத ஊர்ல கூவறது புதுசா தொயில் ஆரம்பிச்சவ மாதிரிக் கீது. அங்க ஏற்கெனவே விக்கறவளுங்க என்னப் பாத்தா மொறைக்கறாளுங்க. அவளுங்க மேல தப்பு சொல்ல முடியாது. நீ வாங்கி நாலு பேருக்குக் குடுக்கறேன்னு எய்தியிருக்கே. எனக்குப் பிச்ச வேணாம் அக்கா. கோச்சுக்காத, வாயில வந்துடுச்சு.

களைய விட்டுடுன்னு எய்தியிருக்கே. உங்க நெலத்துல அது வளந்தா உனக்கு இன்னா கஷ்டம்? கோதுமைக்குத்தானே பேஜாரு.

போன வாரம் என் வூட்டுக்காரரு அம்மன் கோயிலுக்குப் போயி, மொத மீன மாத்திக் குடுத்ததுக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு மீனு வெச்சிட்டு வந்தாரு. என்னாண்ட ஒண்ணும் சொல்லல. திட்டியிருந்தாக்கூட தேவலாம்.

ஏலத்துல ஆறு கிலோ வஞ்சிரம் போனா எவனுக்கும் மறக்காது அக்கா. நீ நெனப்பில்லன்னு எய்தறே. நீ பொய் சொல்றவ இல்ல. அந்தக் கோயில்ல நான் நம்பறது உன்ன மட்டுந்தான். அதனால ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த மீனு என்னா ஆச்சு? அத மட்டும் சொல்லு.

கன்னியம்மா

*

திருவொற்றியூர்
21 நவம்பர் 2024

கன்னியம்மா,

என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. வழக்கமாக எழுதுகிற 'கர்த்தருக்குள் பிரியமான' என்பதை இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் தாளைக் கிழித்துப் போட்டேன்.

நேற்று புதன்கிழமைப் பாடம். பதினாலு பேர் வந்திருந்தார்கள். காய்க்காத அத்திமரம் நடத்த வேண்டும். தோட்டத்துக்கு உடையவர் மூன்று வருடமாக வந்து வந்து பார்க்கிறார், கனி இல்லை. வெட்டிப்போடு, நிலத்தையும் கெடுக்கிறது என்கிறார். தோட்டக்காரர் கெஞ்சி, இந்த ஒரு வருடம் விடும், சுற்றிக் கொத்தி எருப்போட்டுப் பார்க்கிறேன் என்கிறார். இதை நான் இருபது வருடமாக நடத்துகிறேன். தோட்டக்காரரின் இரக்கத்தைப் பற்றி அழகாகப் பேசுவேன், பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். நேற்று 'நிலத்தையும் கெடுக்கிறது' என்ற இடத்தில் உன் மீஞ்சூர் ரயில் ஞாபகம் வந்தது. தலைசுற்றல் என்று சொல்லி எழுந்துவிட்டேன். பார், அங்கேயும் ஒரு பொய்.

நீ தேடுகிற ஆள் நான்தான். மீன் கெட்டுப்போயிற்று என்று சொன்னது நான்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். அன்று காலை நீ வந்தபோது நாங்கள் பீடம் ஜோடித்துக்கொண்டிருந்தோம். அங்கே அடுக்கியதில் ஒன்றுகூட எங்கள் கையால் விளைந்தது இல்லை. என் பூசணிக்காய் கோயம்பேட்டிலிருந்து வந்தது. ஆப்பிளில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நானே நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்து அடுக்கினேன். அந்த நகத்தோடுதான் உன் கூடையைப் பார்த்து மூக்கைச் சுளித்தேன். வாடை என்று உனக்கு எழுதினேன் அல்லவா? வாடையே வரவில்லை. ஐஸ் குளிர்ச்சிதான் வந்தது. மீன்காரி தன் கூடையைப் பீடத்தில் வைப்பதா என்று எனக்குப் பட்டது, அவ்வளவுதான். உன்னைக் கைபிடித்து ஆலயத்துக்குக் கூட்டி வந்தவள் நான். கடைசி பெஞ்சு வரைக்கும்தான் கூட்டி வந்திருக்கிறேன் என்று அன்றைக்குத் தெரிந்தது.

ஆராதனை முடிந்து ஏலம் தொடங்கும்போது போதகர் ஐயா ஜெனரேட்டர் பக்கம் வந்துவிட்டார். வாழை இலையை விலக்கிப் பார்த்தார். சிறப்பு விருந்தினரும் கூட இருந்தார். "இதை ஏன் உள்ளே வைக்கல? நாம வச்சதெல்லாம் வாங்கினது. இது ஒண்ணுதானே நம்ம ஊர்ல அறுத்தது" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. தப்பை ஒத்துக்கொள்ள ஒரு நொடி போதும். அந்த நொடியில் நான், "கெட்டுப்போன மீனைக் கொண்டு வந்துடுச்சு ஐயா, மனசு நோகக் கூடாதுன்னு ஓரமா வைக்கச் சொன்னேன்" என்றேன். உன் மனசு நோகக் கூடாதாம்! எதிர்வீட்டு மகிமா பக்கத்தில் நின்றாள். இன்னும் நாலைந்து பேர் நின்றார்கள். நீ அதற்குள் கிளம்பிப் போயிருந்தாய். நான்தானே அனுப்பிவைத்தேன்.

மீனை ஏலத்துக்கு விடாமல் குப்பையில் போடச் சொன்னேன். ஜெனரேட்டர் பார்க்கிற தண்டபாணி வந்து, "நல்ல மீனும்மா, கண்ணு பாருங்க, இதப் போயி குப்பைல போடச் சொல்றீங்களே" என்று கேட்டு எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் வந்து வீட்டில் எல்லாரும் சாப்பிட்டதாகவும் அவ்வளவு ருசியான மீன் சாப்பிட்டு வருடமாயிற்று என்றும் சொல்லிவிட்டுப் போனார். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். என் வீட்டுக்காரர் அன்று இரவே கேட்டார். "ஏட்டி, அந்த வஞ்சிரத்த ஏலத்துல நாம எடுக்கணும்னு இருந்தேன், எங்க போச்சு?" என்றார். அவரிடமும் அதே பொய்யைச் சொன்னேன். அவர் அரிசி மண்டி வைத்திருப்பவர், சரக்கு நல்லதா கெட்டதா என்று பார்த்ததும் சொல்லிவிடுவார். காலையில் உன் கூடையைப் பார்த்திருக்கிறார். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தார்.

பிறகு நீ எழுதினாய். என்னையே விசாரிக்கச் சொன்னாய். அதற்கு நான் வேதத்தைத் துணைக்கு இழுத்து, களையை விட்டுவிடு என்று உனக்கே புத்தி சொன்னேன். எந்தப் பாவத்தை நினைத்தாலும் தாங்கிக்கொள்கிறேன் கன்னியம்மா, அந்த எட்டாம் தேதிக் கடிதத்தை நினைத்தால் தாங்க முடியவில்லை. அதைக் கிழித்துப் போட்டுவிடு. இல்லை, வேண்டாம், வைத்துக்கொள்.

உன்னைப் பாறை என்று வேறு எழுதினேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. என்னை மன்னிப்பாயா?

சுகிர்தம்

*

எண்ணூர்
28 நவம்பர் 2024

உன் லெட்டர மூணு தபா படிச்சேன். நாலாவது தபா நர்மதா கையில குடுத்துப் படிக்கச் சொன்னேன், நான் தப்பாப் படிக்கறேனோன்னு. அவ படிச்சா. அதேதான் கீது.

கடல்ல காத்து, படகு எதுவும் போவல. நாலு நாளா வூட்லதான் ஒக்காந்துகினு கீறேன். யோசிக்கறதுக்கு நெறைய நேரம்.

என் வூட்டுக்காரரு முடியாமக் கெடந்தப்ப ஆஸ்பத்திரி வராண்டால நீ என் கையப் புடிச்சிகினு முட்டி போட்டு ஜெபம் பண்ணியே, அப்ப உனக்கு மீன் வாட வரலியா? அத மட்டும் கேக்கணும்னு தோணுச்சு. பதில் எய்தாத, வேணாம்.

மன்னிப்பியான்னு கேட்டிருக்கே. நீ என்னாண்ட சொல்லிட்டே. உனக்கு நெஞ்சு லேசாயிடுச்சு. எனக்கு இன்னா ஆச்சு? நாளைக்கும் நான் மீஞ்சூருக்குத்தான் ரயில் ஏறணும். உங்க தெருவுல இன்னும் நான் அழுகின மீனு விக்கறவ. நீ அழுதுகினே எய்தின லெட்டர நான் கூடைல வெச்சிகினு கூவ முடியுமா?

எங்க சொன்னியோ அங்க போயி சொல்லு. எவளுங்க காதுல போட்டியோ அவளுங்க காதுல போடு. நெல்லு வெதைக்கறவன் வூட்டுக்குள்ள ஒக்காந்துகினு வெதைப்பானா? பொய்ய நடுத்தெருவுல வெதச்சிட்டு நெசத்த மட்டும் கவருக்குள்ள போட்டு ஒட்டி அனுப்பறே.

அதச் செய்யாத வரைக்கும் எனக்கு எய்தாத.

கன்னியம்மா

*

திருவொற்றியூர்
12 டிசம்பர் 2024

கன்னியம்மா,

நீ சொன்னதைச் செய்த பிறகே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தவணை தப்பிவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்றாம் தேதி ஞாயிறு புயல் மழை, தெருவில் முழங்கால் தண்ணீர், ஆலயத்துக்கு யாரும் வரவில்லை. வீட்டில் உட்கார்ந்து ஸ்தோத்திரம் என்றேன். மழைக்காகச் சொன்னேன் என்று நினைக்காதே.

எட்டாம் தேதி போனேன். சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து மைக் வாங்கினேன். மீன் நல்ல மீன், பொய் சொன்னது நான், ஒரு உழைப்பாளியின் பெயரைக் கெடுத்தேன் என்று சொல்லி முடித்தேன். என்னைத் திட்டுவார்கள், முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள் என்று நினைத்திருந்தேன். நடந்தது என்ன தெரியுமா? "அல்லேலூயா" என்றார்கள். கைதட்டினார்கள். வெளியே வந்ததும் பெண்கள் ஐக்கிய சங்கத்துச் செயலாளர் என்னைக் கட்டிப்பிடித்து, "எவ்வளவு தாழ்மை அக்கா உங்களுக்கு, இதுதான் கனி தரும் ஜீவியம்" என்று அழுதார். என் பேச்சைக் கிறிஸ்துமஸ் மலரில் போடப் போகிறார்களாம். ஒருத்தர், ஒரே ஒருத்தர்கூட, அந்த மீன்காரம்மா எப்படி இருக்காங்க என்று கேட்கவில்லை. உன்னை வைத்து எனக்கு இன்னொரு நல்ல பெயர் கிடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து புடவையைக்கூட மாற்றாமல் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மலரில் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதையும் தாழ்மை என்றார்கள். எனக்குக் கோபம் வந்து நாலு வார்த்தை கத்திவிட்டேன். அதற்குப் பிறகு கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்குத் தெருவில் இறங்கினேன். நீ கூடையோடு வருகிற நேரம்தான் அது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒவ்வொரு வீடாக அழைப்பு மணி அடித்தேன். கோயிலுக்கு வருகிறவர்கள், வராதவர்கள் என்று பார்க்கவில்லை. மைக்கில் பேசுவது எவ்வளவு சுலபம் என்று முதல் வாசலிலேயே புரிந்துவிட்டது. பாதி பல் தேய்த்த வாயோடு வந்து நிற்கிறவர்களிடம் என்ன அலங்காரமாகப் பேசுவது? "கன்னியம்மா கொண்டு வந்தது நல்ல மீன். கெட்டது என்று நான் பொய் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். ஒரு அம்மா, "இதச் சொல்லவா காலங்காத்தால பெல் அடிச்சீங்க" என்று கதவைச் சாத்தினார். தௌசீஃப் பாய் வீட்டில் அவர் மனைவி நிறுத்தி, "ரெண்டு மாசமா அந்தப் பொம்பளகிட்ட வாங்கல நாங்க, உங்க பேச்ச நம்பித்தானே" என்று நன்றாகக் கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் நின்று பதில் சொன்னேன். கோடி வீட்டம்மா கதவைத் திறந்தார். என்னை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார். அந்தப் பார்வை தீபாவளிக்கு மறுநாள் உன்மேல் விழுந்ததுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மகிமா, "நான் அன்னைக்கே நம்ம தெரு வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டேனே ஆன்ட்டி" என்றாள். அவள் போனிலேயே என் குரலைப் பதிவுசெய்து அதே குரூப்பில் போடச் சொன்னேன். போட்டாள்.

பதினோரு மணிக்கு வீட்டுக்கு வந்தபோது என் வீட்டுக்காரர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மண்டிக்குப் போகவில்லை. "எல்லா வீடும் முடிஞ்சுதா?" என்று கேட்டார். முடிந்தது என்றேன். எழுந்து போய்க் காப்பி போட்டுக் கொடுத்தார். முப்பது வருடத்தில் அவர் காப்பி போட்டு நான் பார்த்ததில்லை. சர்க்கரை அதிகம்.

புதன்கிழமைப் பாடத்தை நிறுத்திவிட்டேன். பெண்கள் கேட்டார்கள், காரணம் சொன்னேன். கனியைப் பற்றி இவ்வளவு நாள் பேசினேன். இனிமேல் கொஞ்ச நாள் பேசாமல் இருந்து பார்க்கிறேன். நேற்று புதன், அந்த நேரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கக் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஆஸ்பத்திரி வராண்டாவைப் பற்றிக் கேட்டுவிட்டுப் பதில் எழுதாதே என்றாய். எழுதவில்லை.

இவ்வளவும் செய்ததால் நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கமாட்டேன். தெருவுக்கு வா. வாங்குவார்கள் என்று நம்புகிறேன்.

சுகிர்தம்

*

எண்ணூர்
20 டிசம்பர் 2024

சுகிர்தம் ஆசீர்வாதம் அவங்களுக்கு,

கன்னியம்மா எய்தறது. அக்கான்னு எய்தப் போனேன், கை வரல. வராதத எய்தறது பொய்யாப் பூடும். அத்தொட்டு பேர எய்தியிருக்கேன்.

முந்தாநேத்து உங்க தெருவுக்கு வந்தேன். சங்கராவும் மடவையும் கொண்டாந்தேன். பாய் வூட்ல மொதல்ல வாங்குனாங்கோ. அப்பால ஒவ்வொரு கதவாத் தொறந்துது. கோடி வூட்டம்மா செவுளத் தூக்கிப் பாக்காமயே எடுத்துகிச்சு. நான்தான் "பாத்து வாங்கும்மா"ன்னு தூக்கிக் காட்டினேன். பாதித் தெருவுலயே கூட காலி. நீங்க எல்லார் வூட்டுக்கும் போனது நெசம்னு அதுலதான் தெரிஞ்சிகினேன்.

உங்க கேட்டாண்ட வரும்போது நீங்க ஜன்னலுக்குப் பின்னாடி நின்னுகினு இருந்தத பாத்தேன். நான் கூப்புடல. நீங்களும் வெளிய வரல. வந்திருந்தா நான் எதனா சொல்லியிருப்பேன். வராததும் நல்லதுக்குத்தான்.

மன்னிச்சிட்டியான்னு இந்த லெட்டர்ல நீங்க கேக்கல. கேக்காததால சொல்றேன். காத்தால எழுந்தா மன்னிச்சிட்டா மாதிரிக் கீது. கூடையத் தூக்கித் தலைல வெச்சா, ஜெனரேட்டர் சூட்டுல அந்த மீனு மூணு மணி நேரம் கெடந்தது நெனப்புக்கு வருது, திரும்பவும் வயிறு எரியுது. எனக்கு இப்படித்தான் கீது. மறைக்கல.

என் வூட்டுக்காரராண்ட எல்லாத்தயும் சொன்னேன். தண்டபாணி வூட்ல ருசியா சாப்ட்டாங்கன்னதும் அவரு சிரிச்சாரு. "எவன் வயித்துக்கோ போயி சேந்துச்சுல்ல, வுடு"ன்னாரு. அவரு அம்மன் கோயிலுக்குப் போறாரு, நான் வேணாங்கல.

கிறிஸ்மஸ் அன்னிக்குக் கோயிலுக்கு வரேன். உங்க கோயிலுன்னு வரல. உங்களாலதான் அங்க வந்தேன், உங்களாலதான் வராம நின்னேன். இனிமே ரெண்டும் வேணாம்னு வரேன். நாலு நெலத்துல நான் எதுன்னு கர்த்தரே பாத்துக்கட்டும், எங்களுக்கு நடுவுல ஆளு வேணாம்.

பின்னாடி பெஞ்சுல ஒக்கார மாட்டேன். எனக்கு எடம் புடிச்சி வெக்காதீங்க. எங்க தோணுதோ அங்க நானே வந்து ஒக்காந்துக்கறேன். நீங்க ஒக்காந்துகினு கீற பெஞ்சா இருந்தாலும் எழுந்திருக்காதீங்க.

கன்னியம்மா